மையவாடிக்கு இரண்டு மதிப்பெண்

வீட்டை விட்டுக் கிளம்பும்போது நஸீஹா அடுப்பை ஒருமுறை பார்ப்பாள். கதவைப் பூட்டிவிட்டு லிஃப்ட் வரை போய், மனசு கேட்காமல் திரும்பி வந்து இன்னொரு முறை பார்ப்பாள். ஃபாரூக் இருந்தவரை இந்த இரண்டாவது முறைக்கு வேலை இருக்கவில்லை. குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே அவர் சொல்வார், "அணைச்சாச்சு நஸீ, நான் பாத்தேன்." பார்த்திருக்க மாட்டார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு வார்த்தை போதும். சிங்கப்பூரில் செங்காங்கிலிருந்து லிட்டில் இந்தியா வரைக்கும் ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு வருவாள்.

ஃபாரூக் மௌத்தாகி இரண்டு நோன்புப் பெருநாள் கழிந்துவிட்டது. மாரடைப்பு. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துபோனது. பிள்ளைகள் இல்லை. இப்போது அடுப்பை அவள் மட்டும்தான் பார்க்கிறாள். ஒரு ஆள் மட்டும் பார்த்த எதையும் நம்பக்கூடாது என்று அவளுக்குள் எப்படியோ பதிந்துவிட்டது.

அலுவலகத்திலும் அவள் அப்படித்தான். டன்லப் தெருவில், ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் ஆறு பேர் வேலை செய்யும் சின்ன நிறுவனம் அது. மதியம் ஆனால் கீழே மிளகாய் வற்றல் மூட்டை பிரிப்பார்கள். மேலே ஆறு பேரும் தும்முவார்கள். மரக்கழிவை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களை எங்கே கட்டலாம் என்று இடம் பார்த்துச் சொல்வது அவர்கள் தொழில். இதைக் கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்களுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒருமுறை சின்னம்மா முறையான சாச்சி கேட்டாள், "விறகடுப்பு வைக்க எடம் பாக்குற வேலையா? இதுக்கா உன்ன யூனிவர்சிட்டில படிக்க வச்சான் உங்க வாப்பா?" பக்கத்தில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஃபாரூக் தலையைத் தூக்காமல் சொன்னார், "பெரிய அடுப்பு சாச்சி. ஊருக்கே சமைக்கலாம்."

சாச்சி சொன்னதிலும் தப்பில்லை. அடுப்புதான். ஆனால் எங்கே வைப்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. காட்டில் மரம் வெட்டுகிறவர்கள் நேரான அடிமரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கிளை, நுனி, பட்டை, கோணல் துண்டு எல்லாம் அங்கேயே கிடந்து மட்கும். அதை அள்ளி வந்து எரித்தால் கரண்ட். ஆனால் மழைக்காட்டில் கிடக்கிற கட்டை தண்ணீர் குடித்துக் கல்லாய்க் கனக்கும். லாரி தூரம் ஓட ஓட, அது குடிக்கிற டீசலே கிடைக்கிற கரண்டைத் தின்றுவிடும். நிலையம் காட்டுக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும், மின்கம்பி போகிற வழியிலும் இருக்க வேண்டும். தண்ணீர் வேண்டும், வெள்ளம் கூடாது. மனிதர்கள் தள்ளி இருக்க வேண்டும். இத்தனையும் ஒன்றாய் அமைகிற நிலம் எங்கும் கிடையாது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, வரைபடத்தின் மேல் வரைபடமாக அடுக்கி, குறைந்த தடை எங்கே என்று பார்ப்பார்கள். அந்த மதிப்பெண் அட்டவணை நஸீஹா உருவாக்கியது.

இந்த முறை வேலை மலேசியாவில், பஹாங்கில். அங்கே காட்டு உரிமம் வைத்திருக்கும் ஒரு மர நிறுவனம் மூன்று இடங்களைக் கொடுத்து, எது நல்லது என்று கேட்டிருந்தது. ஒன்று ரப்பர் தோட்டம். ஒன்று மேட்டு நிலம். மற்றது ஆற்றங்கரை. அட்டவணை ஆற்றங்கரையைத் தேர்ந்தெடுத்தது. லாரிப் பாதைகள் எல்லாம் அங்கேதான் கூடுகின்றன. மின்கம்பி பக்கத்திலேயே போகிறது. கரை உயரமாக இருப்பதால் வெள்ளம் ஏறியதில்லை. மரக்குவியல் போட வேண்டிய இடத்தின் நடுவில் ஒரு பழைய மையவாடி, முஸ்லிம்களை அடக்கும் இடம், இருந்தது. அவ்வளவுதான் தடை.

தடை அட்டவணையில் வீட்டுக்குப் பத்து. பள்ளிக்கூடத்துக்குப் பத்து. தொழுகை நடக்கும் சூராவுக்கு ஒன்பது. மையவாடிக்கு நஸீஹா போட்டிருந்தது இரண்டு. பழைய கொட்டகைக்கும் இரண்டுதான்.

அதை ஒரே ஒருத்திதான் கேட்டாள். தஞ்சாவூரிலிருந்து வேலைக்கு வந்து ஒரு வருஷமாகியிருந்த பவித்ரா.

"அக்கா, மையவாடிக்கு ரெண்டுதானா? கம்மியா தெரியுதே."

"எடுத்து மாத்திடலாம்மா. எப்படியும் பதினஞ்சு வருஷத்துல எடுக்கத்தானே போறாங்க?"

"அப்படியா? எனக்குத் தெரியலக்கா. எங்க வீட்டுல எரிச்சு ஆத்துல கரைச்சிடுவோம்."

பேச்சு அதோடு முடிந்தது. ஊருக்குப் புதியவள், இங்கே இப்படித்தான் போலிருக்கிறது என்று பவித்ரா நினைத்துக்கொண்டாள். நிறுவனத்தை நடத்தும் முத்துராமன் அறிக்கையை முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சிராங்கூன் பக்கம் பிறந்து வளர்ந்தவர். அந்த இரண்டு அவர் கண்ணை உறுத்தவேயில்லை.

உறுத்தாததற்குக் காரணம் இருந்தது. சிங்கப்பூரில் கபர் குழிக்குக் கெடு உண்டு. பதினைந்து வருஷம் போனால், இடம் தேவைப்படும்போது தோண்டி எடுத்து, வேறொரு கபரில் மற்றவர்களோடு சேர்த்து அடக்குவார்கள். நஸீஹாவின் உம்மாவையும் அப்படி எடுத்திருக்கிறார்கள். அவளும் தம்பி ரவூபும் விடிகாலையில் சுவா சூ காங் மையவாடிக்குப் போனார்கள். கூடாரம் போட்டிருந்தார்கள். மரியாதையாகத்தான் செய்தார்கள். வெள்ளைத் துணியில் மிகச் சிறிய பொட்டலமாக உம்மா வேறு இடத்துக்குப் போனாள். இருவரும் துஆ கேட்டார்கள், வழியில் மீ கோரிங் சாப்பிட்டார்கள், மதியம் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். யாரும் அழவில்லை. பள்ளிக்கூடம் மாறுவது போல, வீடு மாறுவது போல, அதுவும் ஒரு மாற்றம்.

வாடிக்கையாளருக்கு அறிக்கை பிடித்துப்போனது. மர நிறுவனத்தின் குழு அடுத்த வாரம் கூடி முடிவெடுக்கும் என்றார்கள். அதற்கு முன் நிலத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும். ஒரு புதன்கிழமை நஸீஹாவும் முத்துராமனும் காரில் எல்லைப் பாலம் தாண்டிப் போனார்கள். மர நிறுவனத்தின் மேலாளர் அப்துல் அலீம் அங்கே காத்திருந்தார். பினாங்குத் தமிழர், குறைவாகப் பேசுகிறவர். ஆண்கள் இருவரும் மின்கம்பியைப் பார்க்கப் போக, நஸீஹா கைபேசி வரைபடத்தோடு மையவாடியின் எல்லையை அளக்கத் தனியாக நடந்தாள்.

வரைபடத்தில் அது ஒரு சாம்பல் கட்டம். நேரில் பார்த்தால் பலா மரங்களும் கள்ளி மந்தாரையும் நிழல் போட்ட குளிர்ந்த மண். தலைமாட்டுக்கு ஒரு கல், கால்மாட்டுக்கு ஒரு கல். பெயர் எழுதியவை சில, எழுதாதவை பல. ஒரு பெண் துடைப்பத்தால் சருகுகளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அறுபது வயதிருக்கும். பெயர் மைமூன், பக்கத்துக் கம்பத்துக்காரி; கம்பம் என்றால் அங்கே கிராமம். நஸீஹா மலாயில் ஸலாம் சொல்லி, தான் யார் என்று சொன்னாள்.

"ஓ, கரண்டு நிலையத்துக்காரங்களா? நல்லதுதான் அடிக்" என்றாள் மைமூன். அடிக் என்றால் தங்கை. "எங்க பிள்ளைங்களுக்கு வேலை கிடைக்கும்னு சொல்றாங்க. எங்க கட்டப் போறீங்க?"

நஸீஹாவும் அவளை மாக்சிக், அத்தை, என்று அழைத்துத் தயங்காமல்தான் சொன்னாள். "இங்கதான் மாக்சிக். இவங்கள எல்லாம் முறைப்படி எடுத்து வேற இடத்துல வைப்போம். உஸ்தாதுங்க வருவாங்க. ஒரு குறையும் இருக்காது."

மைமூனின் துடைப்பம் நின்றது. "யாரை எடுத்து?"

"இங்க இருக்குறவங்கள."

"இவங்க செத்துட்டாங்களேம்மா. எங்க போவாங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். நஸீஹா புரியவைக்க முயன்றாள். "எங்க ஊர்ல அப்படித்தான் மாக்சிக். எல்லாரையும் எடுப்பாங்க. எங்க உம்மாவையும் எடுத்தாங்க."

மைமூன் துடைப்பத்தைக் கீழே போட்டாள். பக்கத்தில் வந்து, மண் ஒட்டிய இரண்டு கையாலும் நஸீஹாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்றாள் மெல்ல. மௌத்துச் செய்தி கேட்டால் சொல்கிற வார்த்தை. உம்மா நேற்றுத்தான் இறந்ததைப் போல, அந்தக் கையைத் தடவிக் கொடுத்தாள். "பாவம் நீ. எப்படித் தாங்கிக்கிட்டே?"

தாங்கிக்கொள்ள எதுவும் இருக்கவில்லை, மீ கோரிங் சாப்பிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"உம்மா பேரு என்ன, சொல்லு. நாளைக்கு வியாழக்கிழமை ராத்திரி. பெண்கள் எல்லாம் சேர்ந்து மௌத்தானவங்களுக்காக யாசீன் ஓதுவோம். உங்க உம்மா பேரையும் சேத்துக்கிறேன்."

நஸீஹா பெயரைச் சொன்னாள். மைமூன் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டாள். நஸீஹா நடந்து கார் வரை போன பிறகு, பின்னால் துடைப்பச் சத்தம் மறுபடி கேட்டது.

திரும்பும்போது பாலத்தில் நெரிசல். நஸீஹா ஓட்ட, கார் ஊர்ந்தது. முத்துராமன் வானொலியை வைத்துவிட்டுத் தூங்கிப்போனார். அந்த மையவாடிக்கு நஸீஹா போட்ட மதிப்பெண் என்னவென்று மைமூனுக்குத் தெரியாது. தெரியாமல் நாளை ராத்திரி உம்மாவுக்காகக் கையேந்தப் போகிறாள். குழு அடுத்த புதன்கிழமை கூடும். அதற்குள் அந்த இரண்டைத் திருத்தாவிட்டால் மண்வாரி இயந்திரம் வரும். திருத்தினால்?

திருத்தினால் என்ன ஆகும் என்று மறுநாள் காலையே பார்த்துவிட்டாள். மையவாடிக்கு வீட்டுக்குச் சமமாகப் பத்து போட்டாள். ஆற்றங்கரை கடைசி இடத்துக்குப் போனது. மேட்டு நிலம் முன்னால் வந்தது. அங்கே லாரி சுற்றிக்கொண்டு போக வேண்டும், நிலையம் சின்னதாகத்தான் வரும், பாதை ஒரு பள்ளிக்கூட வாசலைத் தொட்டுக்கொண்டு போகிறது. எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தாள். மதியம் வரை நான்கைந்து தடவை பார்த்திருப்பாள். கணக்கில் ஒரு பிசகும் இல்லை. பிசகு முதலிலிருந்தே அந்த ஒரு எண்ணில்தான் இருந்தது.

தேக்கா சந்தையில் சாப்பிடும்போது முத்துராமனிடம் சொன்னாள். அவர் மீன் தலைக் கறியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நஸீ, பிடாடாரியில என் பெரியப்பாவ பொதைச்சிருந்தாங்க. எடுத்தாங்க. இப்ப என் மக அங்கதான் வீடு வாங்கியிருக்கா. பெரியப்பா தலைமாட்டுல ஏர்கான் ஓடுது. யார் என்ன சொன்னா?"

"அது இங்க அண்ணே."

"அங்க இருக்குறவங்களும் மனுஷங்கதானே? நமக்கு ஒரு நியாயம், அவங்களுக்கு ஒரு நியாயமா?"

"அதான் அண்ணே எனக்கும் தெரியல."

"தெரியலன்னா விடு லா. அறிக்கை போயாச்சு. கையெழுத்து போட்டாச்சு. இப்ப போய் தப்புன்னு சொன்னா, வேற என்னெல்லாம் தப்புன்னு கேப்பான். அடுத்து டிசைன் வேலை நமக்குத்தான்னு இருக்கேன். ஆறு பேர் சாப்பிடுற எடம் இது."

அவர் நியாயம் கேட்டதில் ஒரு முள் இருந்தது, அது அவருக்கே தெரியாது. அங்கே இருக்கிறவர்களை எடுப்பது கொடுமை என்றால், உம்மாவை எடுத்தது என்ன? இன்னும் பதின்மூன்று வருஷத்தில் ஃபாரூக்கை எடுக்கப்போவது என்ன? அந்த இரண்டை அழித்துப் பத்து போட்டால், இங்கேயும் பத்து என்று ஆகிவிடும். ஃபாரூக்கின் கபருக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் அவளுக்கு மெல்லிய ஆறுதல் ஒன்று இருந்தது: எல்லோருக்கும் நடப்பதுதான். அது போய்விடும்.

வியாழன் ராத்திரி கைபேசியில் மைமூனின் செய்தி வந்தது. ஓதி முடித்துவிட்டார்களாம். உம்மா பெயரை மறக்காமல் சொன்னார்களாம். நஸீஹா நன்றி என்று எழுதிவிட்டு, எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிடோக்கில் ரவூப் வீட்டுக்குப் போனாள். அவன் இறைச்சி ஆணம் ஊற்றிக்கொண்டே கேட்டான், "என்ன ராத்தா, மூஞ்சி இப்படி இருக்கு? மறுபடி அடுப்பா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ரவூப் கரண்டியைக் கீழே வைத்தான்.

"நமக்கு எடம் இல்ல ராத்தா. அதனால எடுத்தோம். அவங்களுக்கு எடம் இருக்கு. அப்புறம் எதுக்கு எடுக்கணும்?"

"எடம் இருந்திருந்தா உம்மாவ எடுத்திருக்க மாட்டோமா?"

"மாட்டோம்."

"அப்ப அன்னிக்கு ஏன் நாம அழல?"

"நீ அழலன்னுதான் நானும் அழல" என்றான் ரவூப். "நீதானே மூத்தவ."

திங்கட்கிழமை அவள் முத்துராமனின் அறைக்குப் போய் நின்றுகொண்டே சொன்னாள், "அண்ணே, நான் அலீம் கிட்ட பேசப் போறேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் பேச மாட்டேன். நீ பேசு" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

திரையில் அப்துல் அலீமின் முகம் வந்தது. பவித்ரா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, திரையில் படாமல் உட்கார்ந்துகொண்டாள்.

"சார், எங்க அட்டவணையில ஒரு தப்பு இருக்கு. மையவாடிக்கு ரெண்டுன்னு போட்டிருக்கேன். நான்தான் போட்டேன். எங்க ஊர்ல கபர மாத்துறது சாதாரணம். அந்த பழக்கத்துல போட்டுட்டேன். உங்க எடத்துக்கு அது பொருந்தாது. அத சரி பண்ணினா ஆத்தங்கரை நிக்காது."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்து, மேசையில் கிடந்த அறிக்கையைப் புரட்டினார்.

"நான் அந்த ரெண்ட பாத்தேன்" என்றார் கடைசியில். "முதல் நாளே பாத்தேன். என் பொண்டாட்டி வீட்டு ஆளுங்க ரெண்டு பேர் அங்க அடங்கியிருக்காங்க. ஆனா சிங்கப்பூர்லேர்ந்து வந்த கணக்கு, தப்பா இருக்காதுன்னு வாய மூடிக்கிட்டேன்." அவர் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "நான் கேட்டிருக்கணும்."

"குழு ஒத்துக்குமா சார்?"

"தெரியாது. சொல்லிப் பாக்குறேன். திருத்தின கணக்க அனுப்புங்க. மேட்டு நிலத்துக்குப் போற லாரி எத்தனை மணிக்குப் பள்ளிக்கூடத்த தாண்டலாம், எத்தனை மணிக்குக் கூடாதுன்னும் எழுதுங்க. அதையும் கேப்பாங்க."

அன்றும் செவ்வாய்க்கிழமையும் அவள் திருத்தும் கணக்கிலேயே உட்கார்ந்தாள். மையவாடிக்கு எந்த எண்ணைப் போட்டாலும் தப்பாகத் தெரிந்தது. பத்து என்றால், வேறெங்காவது ஒரு கணக்கில் பத்தையும் மிஞ்சி ஏதோ ஒரு லாபம் வந்து நிற்கும். கடைசியில் அட்டவணையிலிருந்தே அதை எடுத்துவிட்டாள். வரைபடத்தில் மையவாடிகளை முதலிலேயே வெட்டி நீக்கி, மிஞ்சின நிலத்துக்கு மட்டும் மதிப்பெண் போட்டாள். வெட்டின இடம் வெள்ளையாகத் தெரிந்தது.

புதன்கிழமை சாயங்காலம் முத்துராமனுக்குத் தொலைபேசி வந்தது. அவர் கேட்டுக்கொண்டே ஜன்னலோரம் போய் நின்றார். கீழே கடையில் யாரோ பூண்டு மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பேசி முடித்து வந்தார்.

"மேட்டு நிலம். சின்ன நிலையம்தான். ஆத்தங்கரைய விட்டுட்டாங்க."

நஸீஹா எழுந்து நின்றாள்.

"டிசைன் வேலைக்கு வேற ஆளுங்களயும் கூப்பிடப் போறாங்களாம். நாமளும் கேக்கலாமாம்." அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். வாசல் வரை போய்த் திரும்பினார். "ஆமா, அந்த மேட்டுல மையவாடி எதுவும் இல்லயே?"

"இல்ல அண்ணே. மூணு தடவ பாத்தேன்."

"தெரியும். நேத்து நீ போனப்புறம் நானும் பாத்தேன்" என்றார். போய்விட்டார்.

அவள் உட்கார்ந்தாள். நான்காவது தடவை பார்க்காமல் கணினியை அணைத்தாள்.

அந்த ஞாயிறு காலை சுவா சூ காங்கில், வரிசையில் இருந்த ஃபாரூக்கின் கபரருகே சின்ன நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஓதி முடித்துவிட்டாள். தண்ணீர் தெளித்தாகிவிட்டது. தூரத்து வரிசைகளில் எங்கோ கபர் தோண்டும் இயந்திரச் சத்தம் கேட்டது. வழக்கமாக அது அவள் காதில் விழுவதேயில்லை. இன்று விழுந்தது. நிற்குமா என்று பார்த்தாள். நிற்கவில்லை.

கைபேசி அதிர்ந்தது. மைமூன். ஆற்றங்கரையில் இனி கட்ட மாட்டார்கள் என்று கம்பத்தில் பேசிக்கொள்கிறார்களாம், அலீம் வீட்டுக்காரி சொன்னாளாம். சருகு கூட்டிய தரையின் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். அதற்குக் கீழே: உன் புருஷனும் மௌத்தாகிவிட்டார் என்று அவள்தான் சொன்னாள், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை, வியாழக்கிழமை ஓத அவர் பெயரையும் சொல்லு, எங்கே அடங்கியிருக்கிறார்?

நஸீஹா பெயரை எழுதினாள். பிறகு, இப்போதைக்கு சுவா சூ காங்கில், என்று எழுதினாள். அனுப்பாமல் கொஞ்சநேரம் வைத்திருந்தாள். பொய் இல்லை. இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெண் அதைப் படித்தால் மறுபடி இன்னாலில்லாஹி சொல்லுவாள்.

முதல் வார்த்தையை மட்டும் அழித்தாள். சுவா சூ காங்கில், என்று அனுப்பினாள். நாற்காலியை மடக்கிக்கொண்டு எழுந்து, கபரின் விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு சருகை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.